மான் வேட்டை இங்கே பொழுதுபோக்காக ஏன் இல்லை? வில்லும் துப்பாக்கியும் இல்லாமல் காட்டுக்குள் போன மயிலாப்பூர் கிருஷ்ணனின் கதை

அமெரிக்க வேட்டை வீடியோக்கள் இப்போது நம்ம ஊர் செல்போன்களிலும் ஓடுகின்றன. மரத்தில் கட்டிய சின்னப் பரண். அதில் இலை தழை அச்சடித்த உடையோடு ஒருவர். கையில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கீழே வெள்ளைவால் மானோ காட்டு வான்கோழியோ வந்து நின்றதும் அம்பு பாயும். அவர் தொழில்முறை வேட்டைக்காரர் இல்லை. ஆபீஸ் போகிறவர், லீவு நாளில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். அங்கே இது சட்டப்படியான பொழுதுபோக்கு.

வில்வித்தைப் பயிற்சி சென்னையிலும் கிடைக்கிறது. மான்களும் இருக்கின்றன, அதுவும் ஊருக்கு நடுவிலேயே, கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும். அப்படின்னா இங்கே ஏன் அது முடியாது என்று கேட்கிறவர்கள் உண்டு. சட்டத்தின் பதில் சின்னது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே துப்பாக்கி, வலை, கண்ணி, விஷம் இவற்றோடு வில்லையும் அம்பையும் சேர்த்திருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். குறி தப்பினாலும் வழக்கு தப்பாது.

ஆனால் அந்தச் சட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்பு வரை லைசென்ஸ் வாங்கி மானைச் சுடுவது இங்கேயும் கௌரவமான பொழுதுபோக்குதான். அந்தக் காலத்திலிருந்து இந்தக் காலத்துக்கு நாடு மாறியபோது, காட்டில் என்ன நடக்கிறது என்று நடந்தே போய்ப் பார்த்து எழுதியவர்களில் முக்கியமான ஒருவர் மயிலாப்பூர்க்காரர். பெயர் மா. கிருஷ்ணன்.

யார் இவர்?

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கிற 'மா' சாதாரண எழுத்து இல்லை. அது அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய, தமிழ் நாவலின் தொடக்க காலத்தைச் சேர்ந்த அதே மாதவையா. உப்பு, சுங்கத் துறையில் அரசு வேலை பார்த்து, ஓய்வுபெற்ற பிறகு 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகை நடத்தினார். எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. அண்ணன்களில் ஒருவரான எம். அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார், ஆங்கில நாவலும் எழுதினார்.

குடும்பத்தின் வீடு மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில். இன்றைக்கு அதுதான் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மேம்பாலமும் நட்சத்திர ஓட்டலும் இருக்கிற அந்த சாலைப் பக்கம் அன்றைக்குப் புதர்க்காடு. நரி இருந்தது, ஏகப்பட்ட பறவைகள் இருந்தன, வெளிமான்கூட இருந்தது என்றால் இப்போது நம்புவது கஷ்டம். ஆனால் அப்போதைய சென்னையின் வரைபடத்தைப் பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். தி. நகர் இருக்கிற இடத்தில் 1920-களின் தொடக்கம் வரை பெரிய ஏரி. அடையாற்றுக்குத் தெற்கே தோப்பும் வயலும். கிண்டியில் ஆளுநரின் மாளிகையைச் சுற்றி ஆயிரம் ஏக்கருக்கும் மேலான காடு. கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்த சிறுவனுக்கு வீட்டுக் கொல்லையே பள்ளிக்கூடமானது இப்படித்தான்.

வெள்ளைக்காரர்களுக்கோ இதே நிலம் விளையாட்டுத் திடல். குதிரையில் ஏறி, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நாய்க்கூட்டத்தோடு நரியை விரட்டுவதற்கென்றே 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற அமைப்பு இருந்தது. இங்கிலாந்தில் செந்நரி, இங்கே குள்ளநரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்திலேயே மாதவையா இறந்துபோனார். கிருஷ்ணனுக்கு வயது 13.

படிப்பில் சுமார், வேலையில் அதைவிடச் சுமார்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். பைசனின் மனைவியிடமிருந்து கிருஷ்ணன் வாட்டர்கலர் கற்றுக்கொண்டார். மதிப்பெண்ணைவிட இந்தப் பழக்கம்தான் வாழ்நாள் முழுக்கக் கூட வந்தது. முதுகலை முடித்தார், சட்டமும் படித்தார். வாங்கிய மார்க்குக்குக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவும் மனமில்லை. 1937-ல் இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார். படம் வரைவது, கட்டுரை எழுதுவது, அச்சகம், வானொலி என்று சில வேலைகளில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1942-ல் பெல்லாரி பக்கத்திலிருந்த சண்டூர் என்கிற குட்டி சமஸ்தானம் அழைத்தது. அங்கே அவர் பார்த்த வேலைகளின் பட்டியலே ஒரு கதை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர். இத்தனைக்கும் நடுவில் ஆடு மேய்த்தார். தபால் கொண்டுபோகப் புறா வளர்த்தார். மிச்ச நேரமெல்லாம் சண்டூர் மலைக்காடுகளில். சமஸ்தானம் என்றால் வேட்டையும் இருக்கும். ராஜாக்களின் விருந்தோம்பலில் ஷிகார் ஒரு பகுதி. வேட்டைக்காரர்களின் உலகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் என்பதால்தான் பின்னாளில் அதைப் பற்றி எழுதும்போது அவருக்கு மயக்கமும் இல்லை, மேலோட்டமான கோபமும் இல்லை என்று தோன்றுகிறது.

1949-ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் மயிலாப்பூருக்கே திரும்பினார். அதற்குப் பிறகு யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்து, படம், கேமரா. இது மூன்றும்தான் சோறு போட்டன, அதுவும் தாராளமாக இல்லை.

46 வருடம் ஒரே பத்தி

1950-ல் கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதத் தொடங்கினார். 46 வருடம் விடாமல் எழுதினார். யானையும் புலியும் மட்டும் இல்லை. காக்கா, அணில், ஓணான், பல்லி, தெரு நாய், கழுதை, ஆடு எல்லாம் வரும். கூடவே பேனாவால் வரைந்த அவருடைய படமும் இருக்கும். 1961-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே காட்டையும் கொல்லையையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்வதுதான்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். நம் கேள்விக்கு இங்கேதான் உண்மையான பதில் கிடைக்கிறது.

வில் வேட்டையை விரும்புகிறவர்கள் அதைத் துப்பாக்கி வேட்டையைவிட உயர்வாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நல்ல ரைபிள் இருந்தால் 200 மீட்டர் தள்ளி நின்றே மானை வீழ்த்திவிடலாம். வில்லோடு போனால் 20, 30 மீட்டருக்குள் போயாக வேண்டும். அந்தத் தூரத்தில் மானின் காது, மூக்கு, கண் மூன்றும் உங்களுக்கு எதிரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காலடியில் என்ன சருகு, எந்த வழியாகத் தண்ணிக்கு வரும், எப்போது தலையைத் தூக்கும் என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொழுதுபோக்கின் ருசி முழுக்க இந்தப் பதுங்கலில்தான் இருக்கிறது. கடைசியில் அம்பு போவது ஒரு நொடி. அதன் பிறகு வருவது அவ்வளவு அழகில்லை. தோட்டா மாதிரி அம்பு அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. உள்ளே வெட்டி, ரத்தம் போய்த்தான் மிருகம் சாகும். சரியான இடத்தில் பட்டால்கூட மான் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும். தப்பான இடத்தில் பட்டால் ரத்தத் தடத்தைப் பின்பற்றி மணிக்கணக்கில் தேட வேண்டும். சில நேரம் கிடைக்கவே கிடைக்காது.

கிருஷ்ணன் செய்தது என்னவென்றால், அந்தப் பதுங்கல் முழுவதையும் எடுத்துக்கொண்டு கடைசி நொடியை மட்டும் மாற்றிவிட்டார். அவர் காலத்தில் இன்றைய மாதிரி நீண்ட ஜூம் லென்ஸ் கிடையாது. வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்ட கனமான கேமராவுக்கு, அதன் எடையைக் கிண்டல் செய்யும் விதமாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். கழுவுவதும் பிரதி எடுப்பதும் அவரே. முதுமலையிலும் மற்ற தென்னிந்தியக் காடுகளிலும் நடந்தோ, வளர்ப்பு யானையின் முதுகில் ஏறியோ காட்டு யானைக்கூட்டத்துக்கு அருகே போவார். ஒரு நல்ல படத்துக்கு வில்லாளி போகிற தூரத்துக்குள் அவரும் போயாக வேண்டும். படம் விழுந்த பிறகும் மிருகம் மேய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் அதே மிருகத்தை மறுபடி பார்க்கலாம், அடுத்த வருடமும் பார்க்கலாம். சுட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. புலி எப்படிச் செத்தது என்று ஷிகாரி புத்தகங்கள் நூறு சொல்லும். அது எப்படி வாழ்ந்தது என்று தெரிய வேண்டுமானால் சுடாதவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

இரை கட்டி வைத்து, விளக்கடித்துப் புலியை வரவழைத்துப் படம் எடுப்பதும் அவருக்குப் பிடிக்காது. அது காட்டின் உண்மை இல்லை என்பது அவர் கட்சி.

வேட்டைக்காரர்களே வேட்டையைக் காப்பாற்றிய காலம்

ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தியாவில் முதன்முதலில் காட்டு விலங்குகளுக்காகக் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் வேட்டைக்காரர்கள்தான். நீலகிரியில் 1877-லேயே வேட்டைப் பிரியர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று கணக்கு வைத்ததால்தான் வரையாடு போன்றவை அங்கே முழுக்க அழியாமல் நின்றன என்பதை மறுக்க முடியாது. ஜிம் கார்பெட் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர். அதில் அவருக்கு முன்னோடி எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி.

இன்னொரு பக்கம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர். அங்கே கூடு கட்டும் நீர்ப்பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் எழுத்துபூர்வமாக உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேடந்தாங்கலைப் பற்றி கிருஷ்ணன் நிறைய எழுதினார், தனிச் சிறுநூலே போட்டார். வேட்டைக்காரர் சங்கத்தைவிட இந்த விவசாயிகளின் வழிதான் அவருக்கு நெருக்கமானது என்று நினைக்க இடமிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மோசமானது. ராஜாக்களின் வேட்டைக்காடுகளுக்குக் காவல் போயிற்று. பயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் ஊர் ஊராகத் துப்பாக்கி லைசென்ஸ். போர்க் காலத்து ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தன. ராத்திரியில் ஜீப்பில் போய், கண் கூசும் விளக்கை அடித்து, திகைத்து நிற்கிற மானைச் சுடுவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. பழைய ஷிகாரி வைத்திருந்த விதிகள் எதுவும் இந்தப் புது வேட்டைக்காரனிடம் இல்லை. வெளிமான் கூட்டம் கூட்டமாக ஓடிய சமவெளிகள் காலியாயின. நம்ம சாம்பல் காட்டுக்கோழியின் கதை இன்னும் வேடிக்கை. சேவலின் கழுத்து இறகு வெளிநாட்டில் மீன் தூண்டிலுக்குப் பூச்சி மாதிரி கட்ட உதவும் என்பதற்காகவே அதைப் பிடித்துக் கொன்றார்கள். ஒரு பொழுதுபோக்குக்காக இன்னொரு வேட்டை.

1968-ல் கிருஷ்ணனுக்கு ஜவஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தென்னிந்தியா உள்ளிட்ட தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊர் ஊராக, காடு காடாகப் போய் ஆய்வு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அது தொடராக வந்து, 1975-ல் நூலானது. 1959 முதல் 1970 வரை அவர் நேரில் பார்த்ததன் பதிவு. பத்மஸ்ரீ விருதும் பெற்றவர். மத்திய வன உயிரின வாரியத்தில் உறுப்பினர். 1973 ஏப்ரலில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் அவர் இருந்தார்.

சட்டம் ஒரே அடியில் கதவைச் சாத்தவில்லை என்பது பலருக்குத் தெரியாது. புலி வேட்டை 1970-ல் நின்றது. 1972 சட்டத்தில்கூட வேட்டை லைசென்ஸுக்கு இடம் இருந்தது. பெரு வேட்டை, சிறு வேட்டை என்று வகை பிரித்து வைத்திருந்தார்கள், புள்ளிமான் பெரு வேட்டைப் பட்டியலில். 1991-ல் செய்த திருத்தம்தான் பொழுதுபோக்கு வேட்டையை முழுசாக முடித்தது. அதாவது, கிருஷ்ணன் தன் பத்தியைத் தொடங்கி 41 வருடம் கழித்து.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

1972-ம் வருடத்தில் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருக்கிறது. இந்தியாவில் வில்லையும் அம்பையும் ஆயுதப் பட்டியலில் எழுதிய அதே வருடம், அமெரிக்கா அவற்றை வரிப் பட்டியலில் எழுதியது. அங்கே 1937 முதலே வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி, அந்தப் பணம் வன உயிரினங்களை மீட்க. 1972-ல் வில் சாமான்களும் அதில் சேர்ந்தன. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு காணாமல் போயிருந்த காட்டு வான்கோழியைப் பிடித்து, இடம் மாற்றி விட்டு, இன்று லட்சக்கணக்கில் பெருக்கியிருக்கிறார்கள். வேட்டைக்காரனின் பணத்தில்தான் அது நடந்தது. (மூதுரையில் மயிலோடு வருகிற வான்கோழி இந்தப் பறவைதானா என்பது தனி விவாதம்.)

அதை இங்கே கொண்டுவரலாமே என்றால், அங்கே இருக்கிற இரண்டு விஷயம் இங்கே இல்லை. ஒன்று, அங்கே ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் ஒழிக்கப்பட்டுவிட்டன, மான் பெருகி வழிகிறது. முதுமலையில் புள்ளிமானைக் கட்டுப்படுத்த புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. மனிதன் ஒரு மானை எடுத்தால் அது அவற்றின் பங்கிலிருந்து எடுப்பது. இரண்டாவது இடம். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். ஐஐடி, ராஜ்பவன், காந்தி மண்டபம், மருத்துவமனை என்று பிரிந்துபோன மிச்சம். வேட்டைக்குத் திறந்துவிடுகிற அளவுக்கு உபரி எங்கேயும் இல்லை.

இழந்தவர்களும் உண்டு

வேட்டை நின்றபோது பொழுதுபோக்குக்காரருக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருளருக்கும் நரிக்குறவருக்கும் போனது சோறு. சென்னையைச் சுற்றியிருந்த இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள். சட்டம் வந்ததும் அந்தத் தொழில் குற்றமானது. 1978-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி பக்கம் தொடங்கிய கூட்டுறவு சங்கம் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி விடும் வேலையைக் கொடுத்ததால் ஒரு பகுதியினர் தப்பித்தார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு அமையவில்லை. பழங்குடிகளின் வேட்டை உரிமையை அந்தச் சட்டம் வெளிப்படையாக விட்டுவைத்தது நிக்கோபார் தீவுகளில் மட்டும்தான்.

கிருஷ்ணனின் எழுத்தில் இந்தப் பக்கம் கொஞ்சம் மெலிவுதான். நாட்டின் நிலத்தில் ஒரு சிறு பங்கையாவது மனிதர் கைபடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அங்கே ஏற்கெனவே இருக்கிற மனிதர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவருடைய பதில் இன்றைக்குப் போதாது. அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதையும், கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுவதையும் அவர் ஏற்கவில்லை. யாருக்காகவும் கருத்தை மாற்றிக்கொள்கிறவர் இல்லை. அதனாலேயே அரசுக் குழுக்களில் அவரோடு உட்கார்வது சுலபமாக இருந்திருக்காது.

தமிழிலும் எழுதினார்

ஆங்கிலப் பத்தியால் பெயர் வாங்கியதால் அவரை ஆங்கில எழுத்தாளர் என்றே பலர் நினைக்கிறார்கள். சங்கப் பாடல்களில் வரும் மிருகங்களையும் பறவைகளையும் இன்னதென்று அடையாளம் காண்பதில் அவருக்குத் தனி ஆர்வம். பாட்டில் வருகிற மானின் நடத்தையைக் காட்டில் பார்த்த மானோடு வைத்துச் சரிபார்க்கிறவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வெளியிட்டார். துப்பறியும் நாவல் ஒன்றும் எழுதினார் என்றால் நம்புவீர்களா? பெயர் 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. மாதவையாவின் மகன் என்பது அதில் தெரியும்.

1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்தார். அவருடைய கடைசிப் பத்தி ஸ்டேட்ஸ்மேனில் அச்சாகி வந்ததும் அதே நாள்தான். 2000-ல் ராமச்சந்திர குஹா அவருடைய கட்டுரைகளைத் தொகுத்தார், சில ஆண்டுகள் கழித்துப் படங்களும் பெரிய புத்தகமாக வந்தன. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவர் பெயரில் இயற்கை எழுத்துக்கான பரிசு கொடுக்கிறது. அந்த அமைப்பு நடத்தும் இதழின் பெயர் 'பிளாக்பக்', நம்ம வெளிமான்.

பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தின்போது வேடர் குலத்துக் கண்ணப்பரும் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஊர்வலம் வருகிறார். அங்கிருந்து கிண்டிக்குக் காரில் அரை மணி நேரம். சர்தார் படேல் சாலை நெரிசலில் நிற்கும்போது ராஜ்பவன் பக்கத்துக் கம்பி வேலிக்குள் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால் புள்ளிமான் தெரியும். வெளிமான் இன்னும் கொஞ்சம் உள்ளே, புல்வெளி இருக்கிற இடத்தில்தான் நிற்கும்.